உன் பெயரில் ஓடும் தறி

இன்று காலை ஆபீஸில் நீ என்னைத் திட்டினாய். நான் பாட்டுக்கு வந்து, ஃபேனைப் போட்டு, டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவதற்காக நேற்று எழுதி முடித்த மைக்ரேஷனை அனுப்பிவிட்டு டீயில் வாய் வைத்தேன். டெஸ்டுகள் தாமாக ஓடத் தொடங்கின. பச்சை பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று சிவப்பாகி நின்றது. அடியில் ஒரு வரி.

"நான் செத்துட்டா தறி நின்னுடுமாடி? என் தறி எங்கடி போச்சு?"

அதற்கு மேலே உன் பெயர். லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். நீ போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை. படி இறங்கி, கீழே இருக்கும் புடவைக் கடை வாசலில் போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி நின்றேன். "இன்னாம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்று கடைக்காரர் கேட்டார். என்னவென்று சொல்வேன், நீ பேசினாய் என்றா?

அந்த வரியை நீ எழுதிய மதியம் நன்றாக நினைவிருக்கிறது. நெசவாளர்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைக் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்ளும் ஆரணிக் கடைகளுக்காக நாம் இருவரும் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். அமைப்பை மாற்றும்போதெல்லாம் ஏதாவது ஒன்று காணாமல் போகும். கடைக்காரர்களிடம் பேச்சு வாங்குவோம். "மைக்ரேஷனுக்கும் டெஸ்ட் எழுதணும்டி. ஃபிரேம்வொர்க் ஓட்டி முடிச்சிட்டா எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தமா?" என்று உட்கார்ந்தாய். பழைய அமைப்பில் தற்காலிகமாக ஒரு டேட்டாபேஸ், அதில் பொய்யாகச் சில நெசவாளர்கள், அவர்களுக்குச் சில தறிகள். மைக்ரேஷனை முன்னே ஓட்டி, பிறகு பின்னே ஓட்டி, போட்டதெல்லாம் போட்டபடி இருக்கிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லும்.

அந்தப் பொய் நெசவாளர்களில் ஒருவர் இறந்தவராக இருந்தே தீர வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். உங்கள் ஊர் வழக்கம் அப்படி. தறி யார் பெயரில் போடப்பட்டதோ அந்தப் பெயருக்குத்தான் கடையில் பாவு. தறி காலியானால்தான் பெயரை மாற்றலாம். ஆனால் தறி எங்கே காலியாகிறது? பாவு முடியும் தறுவாயில், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுகிறார்கள். ஆள் போனாலும் பெயர் தறியிலேயே தங்கிவிடுகிறது. நெசவே தெரியாத கலசப்பாக்கத்துக்காரி எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இறந்தவர் என்ற இடத்தில் நீ உன் பெயரையே தட்டினாய். நான் அலறினேன்.

"ஏண்டி, உனக்கு வேற பேரே கெடைக்கலியா? மொதல்ல அத அழி."

"வேற யாரு பேரப் போட்டாலும் அவங்க வூட்ல திட்டுவாங்கடி. எம் பேரு, நான் போட்டுக்கறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

சிரித்துக்கொண்டே, டெஸ்ட் தோற்றால் வரவேண்டிய செய்தியையும் எழுதினாய். அதை ஓட்டப்போவது நாம் இருவர்தான் என்பதால் நேராக என்னைப் பார்த்தே எழுதினாய். அதற்குப் பிறகுதான் சேத்துப்பட்டு சாலையில் அந்த லாரி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மூளைக்குத் தெரிகிறது. மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஒருவழியாக மேலே போய் லேப்டாப்பைத் திறந்தேன். டெஸ்ட் சொன்னது சரிதான், தப்பு என் மைக்ரேஷனில் இருந்தது. இறந்தவர்களின் போனுக்கும் நம் சாஃப்ட்வேரிலிருந்து எஸ்எம்எஸ் போய்க்கொண்டே இருக்கிறது, வீட்டில் பார்த்துப் பார்த்து அழுகிறார்கள் என்று கடைகளிலிருந்து சொன்னார்கள். அதனால் நெசவாளர்களைத் தனி அட்டவணையாகப் பிரித்து, இறந்தவர்களை நீக்கும்படி எழுதியிருந்தேன். நெசவாளரை நீக்கினால் அவர் பெயரில் இருக்கும் தறியும் கூடவே போய்விடும் என்பதை யோசிக்கவில்லை. தறி இல்லையென்று கம்ப்யூட்டர் சொன்னால் கடையில் பாவு தரமாட்டார்கள்.

நீ எழுதிய டெஸ்ட் தடுத்திராவிட்டால் இன்று சாயங்காலமே அது கடைகளுக்குப் போயிருக்கும். யார் யார் தறி போயிருக்குமென்று பார்க்க, உண்மையான தகவல்களின் நகலில் தேடினேன். பட்டியல் வந்தது. நடுவில் மறுபடியும் உன் பெயர்.

இது நீ விளையாட்டுக்குப் போட்டது இல்லை. கல்யாணத்துக்கு உன் அப்பா உன் பெயரில் போட்டுக்கொடுத்த நிஜத் தறி. உன் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் நெய்கிற, அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற ஒரே தறி. பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்று கடையில் குறித்திருந்தார்கள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"புதுப் பாவு எப்பண்ணா வாங்கப் போறீங்க?"

"திங்கக்கெழம வரச் சொல்லிக்கிறாங்கம்மா. இது முடியப்போவுது, நெய்துகினு இருக்கேன். ஏம்மா, கொரலு ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லண்ணா. தறிக்குப் பேரு இன்னும் மாத்தலியா?"

தறிச் சத்தம் நின்றது. "தறில பாவு இருக்கசொல்ல எப்டிம்மா மாத்தறது? கடைல அவ பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. நானும் எழுந்து போயி வாங்கிகினு வரேன்."

போனை வைத்தேன். சாயங்காலத்துக்குள் மைக்ரேஷனைத் திருத்தி எழுதினேன். எஸ்எம்எஸ் மட்டும் நிற்கும், பெயரும் தறியும் அப்படியே இருக்கும். டெஸ்டை முன்னும் பின்னும் ஓட்டினேன், எல்லாம் பச்சை. திங்கட்கிழமை கடையில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள்.

ஆனால் என்னை உலுக்கிப்போட்டது வேறொன்று. உன்னைத் தூக்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். காரியத்துக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட்டேன். உன் நாற்காலியில் வேறொருவர் உட்காருவதும் பழகிவிட்டது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் 'இறந்தவர்களை நீக்கு' என்று நேற்று என் கையால் எழுதினேனே, அதில் நீ இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லையடி. முகம் தெரியாத எத்தனையோ வீடுகளை நினைத்துக்கொண்டேன், உன் வீட்டை நினைக்கவில்லை. கடைக்காரர்கள் எப்போதோ உன்னை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நான் இன்னும் சேர்க்கவில்லை.