பைக்குள் நனையாதது

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று பதினேழு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தால், வாசலில் அக்கா காரோடு நிற்கிறாள். டிக்கியில் இரண்டு முதுகுப் பை, இரண்டு நைலான் தூளி. காட்டில் மரத்துக்கு மரம் கட்டித் தூங்குகிற தூளி. கல்லும் மேடுமான இடத்தில் கூடாரம் சரிப்படாதாம்.

"மூணு நாள் நடக்கறோம். பதினாலாம் தேதி கிளம்பணும். லீவு சொல்லிடு."

வர்றியா என்று கேட்கவில்லை. அக்கா எதைத்தான் கேட்டிருக்கிறாள்? பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் கை காலைத் தான் நினைத்த பக்கம் மடக்குகிறவள்.

"வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்து என்ன ஆகப்போகுது? பத்து மாசமாச்சு, மூட்டை."

மூட்டை என்பது நான். எட்டு வயதில் குண்டாக இருந்தபோது அவள் வைத்த பேர். பத்து மாதம் என்பது குழந்தை. ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. இவர் அப்போதும் கப்பலில் இருந்தார், இப்போதும் கப்பலில்தான்.

மார்ச் 5, வியாழன்

என் பை ஒன்பதரை கிலோ. அக்கா எட்டுக்கு மேல் கூடாது என்கிறாள். போனில் சொல்லிவிட்டு, "உன் எடையே போதும்" என்றாள்.

மார்ச் 7, சனி

அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பிப் பாடம் நடந்தது. அத்தான் இருந்தார். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

குறை சொல்ல முடியாது, அவளுக்குத் தெரியும். தூளியில் படுத்தால் குளிர் கீழேயிருந்துதான் ஏறுமாம். அதனால் தூளிக்கு அடியில் ஒரு பஞ்சு மெத்தை கட்ட வேண்டும். எவ்வளவு கனமான போர்வை இருந்தாலும், அது இல்லாவிட்டால் விடிவதற்குள் விறைத்துவிடும். படுக்கும்போதுதான் அது வேண்டும், அதனால் பையில் அதற்கு அடியிடம். அதன் மேல் தூளி. அடுப்பும் சாப்பாடும் கனம், அவை நடுவில் முதுகை ஒட்டி. தார்ப்பாயும் மரத்தில் சுற்றுகிற பட்டையும் வெளிப்பையில். மழை வந்தால் முதலில் கூரை கட்ட வேண்டுமே, பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேட முடியாது.

நான் தூளியைக் கையில் எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அந்தப் பெண்களிடம் சொன்னாள்:

"வீட்டுல கட்டவேண்டிய தூளியை இவ காட்டுல கட்டப்போறா."

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் தண்ணீர் எடுக்கிறேன் என்று உள்ளே போனார், வரவேயில்லை.

"சிரிச்சுடு மூட்டை. சிரிச்சாத்தான் ஆறும்."

சிரித்தேன். அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை. நான் ஏன் சிரித்தேன்? எதுக்கு சிரிச்சேன்?

மார்ச் 10, செவ்வாய்

சாயங்காலம் சோதனைக்கு வந்தாள். சமையலறைத் தராசை நடுக்கூடத்தில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தாள். இரண்டாவது துண்டு வெளியே. சீப்பு வெளியே ("மூணு நாள் தலை வாரலைன்னா யாரும் பொண்ணு பார்க்க வரமாட்டேன்னு சொல்லப்போறதில்ல"). பைக்குள் உறையாக நான் வைத்திருந்த தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பை வெளியே. "மேல மழையுறை இருக்கு. உள்ள எதுக்கு இன்னொண்ணு? ரெட்டை வேலை."

அப்புறம் மேல்மூடியின் சிறு அறையைத் திறந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற குல்லா. நான் பின்னியது. மஞ்சள் நூல்.

"இது யாருக்கு?"

"சும்மா."

தராசில் வைத்தாள். பதினெட்டு கிராம். "சும்மாவுக்கெல்லாம் இடமில்ல" என்று குப்பைக்கூடையில் போட்டாள். கோபமாகப் போடவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். கூடையில் காலையில் கொட்டிய டீத்தூள் இருந்தது.

அவள் போனபின் எடுத்து மூன்று தடவை அலசினேன். கறை போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

கறுப்புப் பையைத் திரும்ப வைத்தேன். வைத்து, மெத்தையையும் போர்வையையும் அவற்றின் குட்டிப் பைகளில் திணிக்காமல் அப்படியே அதற்குள் அமுக்கினேன். பிசைந்த மாவு போல மூலைமுடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. கால்வாசி இடம் மிச்சம். வாயை முறுக்கி மடித்துக் கட்டியபோது ஒரு சந்தோஷம் வந்தது. எத்தனை நாளாச்சு.

அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

கிளம்புகிறோம். நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். அதையும் நிறுப்பாள்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லித்தானே ஆகணும்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஓடை. மழையில் தண்ணீர் இடுப்பளவு வந்திருந்தது. அக்கா முன்னால் போனாள். நடுவில் திரும்பி, "குளத்துல எருமை இறங்கற மாதிரி இறங்காதே, பார்த்து வா" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவள் கால் வழுக்கியது. பையோடு முழுகி, பாறையைப் பிடித்து எழுந்தாள். நானும் நெஞ்சுவரை நனைந்துதான் கரையேறினேன்.

மேலே போடுகிற மழையுறை மழைக்குத்தான் ஆகும், முழுகினால் ஆகாது. அவள் மெத்தை, போர்வை, மாற்றுத்துணி எல்லாம் பிழிந்தால் கொட்டியது. கை நடுங்கி அவளால் முடிச்சுகூடப் போட முடியவில்லை. இரண்டு தார்ப்பாயையும் நான்தான் கட்டினேன். இரண்டு தூளியையும் நான்தான்.

"உன் மெத்தை?" என்றாள்.

"என்னுதும் நனைஞ்சிடுச்சுக்கா."

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. ஆனால் சொன்னபின் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? என் கம்பளிச்சட்டையைக் கொடுத்தேன், இது ஒன்றுதான் காய்ந்தது என்று. "நீ போட்டுக்கோடி, உனக்கு வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் தன் தூளிக்குள் சுருண்டபின், நன்றாக இருட்டியபின், என் மெத்தையை எடுத்துக் கட்டினேன். கதகதப்பாக இருந்தது. பக்கத்தில் அவள் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பத்தடி தூரம் இருக்கும். நான் தூங்கினேன். ஆமாம், நன்றாகத் தூங்கினேன். பத்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை.

வெளுப்பதற்குள் எழுந்து மெத்தையை அவிழ்த்து அடியில் திணித்துவிட்டேன். அதுவும் நான்தான்.

அவளை எழுப்பினால் வார்த்தை குழறுகிறது. அம்மா எங்கே என்று கேட்டாள். அம்மா போய் ஆறு வருஷம். ஐயோ என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன் என்று அடுப்பை மூட்டி வெந்நீர் கொடுத்து, அப்போதாவது மெத்தையை எடுத்துச் சுற்றினேனா? இல்லை. எடுத்தால் தெரிந்துவிடும். கையால் தேய்த்தேன். அவள் பையை அங்கேயே போட்டுவிட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் இறங்கினேன். காவல் சாவடியிலிருந்து வண்டி வந்தது.

நிமோனியா. இரண்டு பக்கமும்.

மார்ச் 20, வெள்ளி

மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள். டாக்டரிடம் என்னைக் காட்டி, "இவ இல்லன்னா நான் இல்ல" என்றாள். டாக்டர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மார்ச் 24, செவ்வாய்

அவள் மாமியார், ஆஸ்பத்திரிப் பெண்கள், எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "தானும் குளிர்ல செத்துக்கிட்டு, அக்காவுக்குச் சட்டையைக் கழட்டிக் குடுத்தாளாம்." கேட்கக் கேட்க எனக்கே அப்படித்தான் நடந்ததோ என்று தோன்றுகிறது.

மார்ச் 29, ஞாயிறு

டிஸ்சார்ஜ். பத்துப் படி ஏறினால் உட்காருகிறாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன்னை நான் ரொம்ப விரட்டிட்டேன்ல?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவைத்தேன், அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கும் புரிந்திருக்காது. குல்லாவைக் கூடையில் போட்ட அன்றைக்கே நாலு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்தே தினமும் இரண்டு தடவை போன் செய்தாள். சாப்பிட்டியா, தூங்கினியா. இப்படி ஒரு அக்கா எனக்கு எப்போதாவது இருந்தாளா?

ஏப்ரல் 5, ஞாயிறு

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் என் பையைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அவர் கார் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது.

"மறுநாளே காயப்போடலாம்னு பிரிச்சேம்மா. உள்ள கறுப்புப் பைக்குள்ள எல்லாம் மொறுமொறுன்னு காய்ஞ்சு இருந்துச்சு. உன்னை மாதிரி அடுக்க யாராலும் முடியாது. இவளுக்கும் சொல்லிக்குடு."

பாராட்டித்தான் சொன்னார், பாவம். அக்கா கரண்டியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்கும்தான். இரண்டாம் முறையும் கேட்டுப் போட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

போன் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைத்தாள். பின்பக்கம் போய் எடுத்தேன்.

"நனையல, இல்ல?"

"நனையல."

மூச்சு இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் நெஞ்சு முழுசாகச் சரியாகவில்லை.

"நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். யோசித்துப் பார்த்தும் கிடைக்காமல், என்னையே கேட்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். எதை முதலில் சொல்வது? எதைச் சொன்னாலும், இதுக்காகவா என்று கேட்பாள். இதுக்காகத்தானா? எனக்கே தெரியலையே.

"ஒண்ணும் பண்ணலக்கா."

போனை வைத்துவிட்டாள்.

மே 2, சனி

இவர் துறைமுகத்திலிருந்து பேசினார். அக்கா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"நல்லா இருக்காளாம்" என்றேன்.