முளைக்குச்சி

ஆவணி 12, வியாழன்

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட என் வீட்டுக்காரர் குதிரை வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கொள்ளு, வாளி, கடிவாளம் எல்லாம் வந்தாயிற்று. மாட்டு நினைப்பில் மூக்கணாங்கயிறும் வாங்கி வந்திருக்கிறார்.

விற்கிறவர் போனில் சொன்னார்: "முதல்ல தீனி வெக்கிறவங்ககிட்டதாங்க ஒட்டிக்கும். ஒரு வருசம் ஆள மாத்தாதீங்க."

"எங்க வூட்டுக்காரி இருக்குது. அது எங்கியும் போவாது" என்றார் இவர்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி துணிக்கடையில் நான் வேலைக்குச் சேர வேண்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொட்டகைக்குக் கூப்பிட்டு, குதிரை கட்டும் முளைக்குச்சியை அடித்து இறக்கி, அதில் கயிற்றைக் கட்டி, "இழுத்துப் பாரு, புடுங்கிக்கினு வருதான்னு" என்றார்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அசையவில்லை.

"போதும், வுடு" என்று சிரித்தார்.

நான் இன்னொரு தரம் இழுத்தேன்.