காலி செய்த இரண்டு அறைகள்

பாளையங்கோட்டை,
புதன்கிழமை.

அன்புத் தம்பி ஹெப்ரானுக்கு,

அக்கா சாரம்மாள் எழுதுவது. ஆண்டவர் தயவால் சுகமாக இருக்கிறேன். ஓசூரில் நீயும் வினோலியாவும் பிள்ளை எபியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் நீங்கள் வந்து வீட்டை ஒதுங்க வைத்து அடுக்கிக் கொடுத்தது எனக்குப் பெரிய உதவி. முன்பெல்லாம் மூக்குக் கண்ணாடியைத் தேடியே காலை ஜெப நேரம் போய்விடும். இப்போது கதவோர ஆணியில் கை வைத்தால் கண்ணாடி. சர்க்கரை மாத்திரை ஒரே டப்பாவில் இருப்பதால் போட்டேனா இல்லையா என்ற குழப்பம் இல்லை. பழைய பேப்பர்க் கட்டுகள் தடுக்கி விழுவேனோ என்ற பயமும் போய்விட்டது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் பார்த்திருக்கிறேன். பையை அடுக்கி வைத்திருக்கும் பிள்ளை நான் சொல்லி முடிக்குமுன் பாடத்தைத் திறந்துவிடும். மற்றது பையைக் கவிழ்த்துப் போட்டு அழும். படிப்பு வராமல் அழுத பிள்ளைகளைவிடத் தேடிக் கிடைக்காமல் அழுத பிள்ளைகள்தான் அதிகம். இத்தனை வயதில் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அப்பாவின் சாய்வு நாற்காலியையும் என் தையல் மெஷினையும் கோவில் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்ததில்கூட எனக்கு வருத்தம் இல்லை. பின்பக்கத்து இரண்டு அறைகளையும் காலி செய்தபோது, “ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எபிக்குப் படிக்க” என்றேன். “பாப்பம்க்கா” என்று சிரித்தாய். எபியின் மேசைக்கு ஜன்னலோரம் இடம் அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நீதான்.

அந்தச் சந்தோஷத்தில் போன மாதம் ஸ்தோத்திர காணிக்கை போட்டேன். தம்பி குடும்பம் ஊருக்குத் திரும்பி வருவதற்காக என்று கவரின் மேல் எழுதினேன். குருவானவர் அதை ஆராதனையில், சபை முழுக்கக் கேட்க வாசித்தார். அன்று மாலை போனில் உன்னிடம் சொன்னேன். “நல்லதுக்கா” என்றாய்.

திங்கட்கிழமை புரோக்கர் குருபிரசாத் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். “டீச்சரம்மா, தம்பி அனுப்புன போட்டோவுல பாத்தத விட வீடு பளிச்சுன்னு இருக்குல்லா” என்றார். வினோலியா அறை அறையாக எடுத்த படங்கள். தன் அம்மாவுக்குக் காட்ட என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரியாமலே தண்ணீர் கொடுத்தேன். கூட வந்த பெண் எபியின் ஜன்னலோரம் நின்று கட்டிலுக்கு இடம் பார்த்தாள். குருபிரசாத் பைய என் பக்கம் வந்து, “நீங்க முதியோர் ஹோமுக்கு எப்பப் போறீயன்னு சொன்னா மத்தத பேசி முடிச்சிரலாம். தம்பி டிசம்பர்னு சொன்னாவ” என்றார். எந்த ஹோம் என்று கேட்க வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

நேற்று பால் வாங்கும்போது எதிர்வீட்டு ஸ்வீட்லின், “டீச்சர், தம்பி எப்ப வாராவ? நீங்க அந்த ரூமத் தூத்துத் தூத்துத் தரையே தேஞ்சிரும் போலுக்கே” என்று சிரித்தாள். வருவான் என்றேன்.

வீட்டை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்தது. உனக்கும் ஏதோ நெருக்கடி இருக்கலாம். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், பிறகு உட்கார்ந்து பேசியிருப்பேன். நீ கேட்கவில்லை. விற்பதற்காக வீட்டை என் கையாலேயே காலி செய்ய வைத்தாய். நான் உனக்காகக் காலி செய்தேன்.

குருபிரசாத்தை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்து இல்லாமல் நீ விற்க முடியாது. அதைத் தபாலில் அனுப்பவும் மாட்டேன். நேரில் வா. அந்த ஜன்னலோரம் நின்று என் முகத்தைப் பார்த்துக் கேள். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.

அறைகளை இன்றும் பெருக்கினேன். எபிக்கு அளந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருப்பாராக, தம்பி.

உன் அக்கா,
சாரம்மாள்