மூலை மடித்த துண்டுகள்

அக்டோபர் 7, செவ்வாய்

தாவ்யுவானில் இந்தப் புதுப் பள்ளிக்கு வந்து ஐந்து வாரம். இன்றும் எல்லாரும் வகுப்பிலேயே தூங்கவேண்டிய மதியத் தூக்க நேரத்தில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன். ஹுவாலியனில் என் பழைய பள்ளியில் இந்த அரைமணி நேரம் எனக்குப் போதவே போதாது. இங்கே தூக்கம் வந்தால்தானே?

வகுப்பு ஆசிரியை லூ மிஸ் ஆராய்ச்சித் தலைப்பு கேட்டார். வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். 'மதியத்தில் நிஜமாகத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்?' என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பண்ணு, நானும் தெரிஞ்சுக்கறேன்."

அக்டோபர் 8, புதன்

விளக்கை அணைத்ததும் ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்தேன். 'முழிச்சிருந்தா மூலையை மடி.' மணி அடிப்பதற்கு முன் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

முப்பத்து நான்கில் இருபத்து மூன்று மடித்திருந்தது! நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, மடச்சி.

அக்டோபர் 13, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

கணக்கு குழம்பக்கூடாது என்று துண்டுகளின் பின்னால் பென்சிலில் அவரவர் வருகைப் பதிவு எண் எழுதியிருந்தேன். இன்று மறுபடி வைத்தபோது, எனக்கு முன்னால் உட்காரும் ஷாவ்-திங் திருப்பிப் பார்த்துவிட்டாள். எல்லாத் தேர்விலும் முதலாவதாக வருகிறவள்.

"பதினேழு. என் நம்பர். மிஸ்கிட்ட போட்டுக் கொடுக்கத்தானா?"

"இல்ல, கணக்குக்காகத்தான்—"

"தூங்காதவங்க ஒரு வாரம் கக்கூஸ் கழுவணும், தெரியும்ல? உளவாளி!"

சாயங்காலத்துக்குள் அந்தப் பட்டம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. சிநேகிதிகள்தான் இல்லை. இப்போ எல்லாருமே எதிரியா? ஐயோ, எதுக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

விஷயம் லூ மிஸ் காதுக்கும் எட்டி, கறாராகச் சொல்லிவிட்டார். வருகைப் பதிவு எண்ணோடு அட்டவணை காட்டாவிட்டால் பாதி மதிப்பெண்தான்.

பாதி! அம்மாவிடம் என்ன சொல்வது?

அக்டோபர் 15, புதன்

கிழித்துவிட்டேன். துண்டுகள், அட்டவணை, எல்லாவற்றையும்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று பேசவேண்டியது என் முறை. இருபத்து மூன்று என்ற எண்ணை மட்டும் பலகையில் எழுதினேன். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அட்டவணை எங்கே?" என்றார் லூ மிஸ்.

"கிழிச்சுட்டேன் மிஸ்."

"அப்புறம் எதை வச்சு நம்பறது?"

"ஒரே ஒரு நம்பர் சொல்றேன் மிஸ். முப்பத்தஞ்சு. அது நான்தான். தினமும் தூங்கற மாதிரி நடிக்கிறேன்."

கடைசி வரிசையிலிருந்து யாரோ, "ஏன்?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தலையைக் குனிஞ்சுட்டா, பேச ஆளில்லைன்னு யாருக்கும் தெரியாதுல்ல."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு மிச்சம். பாதி மதிப்பெண். நாளையிலிருந்து கக்கூஸ் எனக்கு.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று வாளியும் துடைப்பமுமாகப் போனால், அங்கே ஏற்கெனவே நாலு பேர் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நாங்களும் தூங்கலைன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டோம். பேசாம அந்தப் பக்கம் தேய்" என்றான் ஒருவன். ஷாவ்-திங் அங்கே இல்லை.

மதியம் விளக்கு அணைந்தது. வழக்கம்போல் தலையைச் சாய்த்தேன். முன்னாலிருந்து ஒரு கை பின்பக்கமாக நீண்டு, என் முழங்கையருகே ஒரு காகிதத் துண்டை வைத்துவிட்டுப் போனது.

'முழிச்சிருந்தா மூலையை மடி.'

திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில், 17.

நாலு மூலையையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.