தண்ணீருக்குள் ஊதிய பாட்டு

ஏலே,

இன்று காலை அண்ணாச்சி கடையில் ஒரு கட்டு ஸ்ட்ரா வாங்கினேன். இப்போது காகித ஸ்ட்ராதான் கிடைக்கிறது. தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்றால் ஊறித் தொளதொளத்துவிடுகிறது. "வீட்டுக்குப் பிள்ளைக வந்திருக்காவளா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஒண்டியாக இருக்கிற கணக்கு வாத்தியாருக்கு ஸ்ட்ரா எதற்கு என்று என்ன நினைத்துக்கொண்டாரோ.

வீட்டுக்கு வந்து, தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, அதன் வழியாக 'ஊ' என்று குரல் கொடுத்து ஊதினேன். குமிழி வந்தது. குரலைக் கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே கொண்டுபோனேன். வீடு முழுக்க அந்த ஒற்றைச் சத்தம்தான். எப்போதும் இரண்டு பாத்திரத்தில் குமிழி கேட்டுப் பழகிய காது இது. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கச்சேரி இருக்கிறது. நீ இல்லாத முதல் கச்சேரி. புதுக்கோட்டையில், அதே மண்டபம்.

அந்த மண்டபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நம்முடையது சின்னக் குழு. நீ கீபோர்டு, ரிதம் பேட் வாசிக்க ஓர் அண்ணன், பாட நான். கல்யாண வரவேற்புகளில் பழைய படப் பாட்டுகளைப் பாடுவோம். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வருவாய். நான் ஐந்து பீரியட் கத்திவிட்டு வருவேன். மணப்பாட்டுக் கோவிலில் பாடற்குழுவுக்கு வாசித்துப் பழகிய கை உன்னுடையது. எனக்கு இருந்ததெல்லாம் குரல் ஒன்றுதான், அதைவிடப் பெரிதாக ஒரு கர்வம். படத்தில் எந்தச் சுருதியில் பாடினார்களோ அதே சுருதியில்தான் பாடுவேன். 'ஒரிஜினல் கட்டை' என்று மேடையிலேயே சொல்லிக்கொள்வேன். மற்ற குழுக்காரர்கள் ஒரு கட்டை இறக்கிப் பாடினால், பின்வரிசையில் நின்று சிரித்தவன் நான்.

குரல் கம்ம ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பனங்கற்கண்டையும் மிளகையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அரைமணிக்கொரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு சமாளித்தேன். அன்றைக்கு அந்தப் புதுக்கோட்டை மண்டபத்தில் மேடை ஏறும்முன் நீ, "இந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் இறக்குவோமா?" என்று கேட்டாய். இறக்கினால் பாட்டு செத்துப் போகும் என்றேன். இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் வாய் திறந்தது, காற்று வந்தது, குரல் வரவில்லை. நீ ஒரு நொடிகூடத் தயங்காமல் புல்லாங்குழல் ஒலிக்கு மாற்றி, நான் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை வாசித்து முடித்தாய். அதுவும் பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அவ்வளவு அவமானமாக நான் என்றைக்கும் சிரித்ததில்லை.

வேனில் திரும்பும்போதுதான் அதைச் சொன்னாய். "கிரேன்ல கம்பிக் கயிறு ஒரே நாள்ல அறாதுலே, வாத்தி. இழை இழையாத்தான் விடும். நாம கடைசி இழையை மட்டும் பாத்துட்டு, இன்னைக்குத்தான் அறுந்துச்சுங்கோம்."

தொண்டை டாக்டரிடம் நீதான் கூட்டிக்கொண்டு போனாய். குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். ஆற்றங்கரை வயலில் மண்வெட்டி பிடித்துப் பிடித்து என் அப்பாவுக்கு உள்ளங்கையில் இருந்ததே, அதே காய்ப்பு. குரல் பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா என் பனங்கற்கண்டுக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். விழுங்குவது போகிற வழி வேறு, குரல் இருக்கிற வழி வேறு. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் அது உடம்பு வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும் என்றார். செருமல் வந்தால் செருமக் கூடாது, ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கிவிட வேண்டும். வகுப்பில் கத்தாமல் கையைத் தட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, சிலருக்கு அது இன்னும் கெடுதலாம்.

அந்த இரண்டு வாரமும் ஷிப்ட் முடிந்து நீ நேரே என் வீட்டுக்கு வந்தாய். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். நீயும் பேசவில்லை. பத்து பேர் பேச்சைத் தனியாகப் பேசுகிறவன் வாயே திறக்காமல் இருந்தது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட ஸ்லேட்டில், 'நீ ஏன் பேச மாட்டேங்க?' என்று எழுதிக் காட்டினேன். நீ சாக்பீஸை வாங்கி, 'நான் பேசினா நீ பதில் சொல்லுவ' என்று எழுதினாய். பிறகு கிரிக்கெட் பார்த்தோம், சத்தத்தை அணைத்து வைத்து.

அப்புறம் அந்த அம்மா சொன்ன இந்த ஸ்ட்ரா. தண்ணீருக்குள் ஊதினால் குரல் நாண் அடித்துக்கொள்ளாமல் மெத்தென்று அதிருமாம். கச்சேரிக்குப் போகும் வழியில் வேனிலேயே செய்ய வேண்டும் என்றாய். ஐம்பது வயதில் தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழி விட எனக்கு வெட்கம். பேட் வாசிக்கிற அண்ணன் வேறு சிரித்தார். நீ இன்னொரு பாட்டிலைத் திறந்து, இன்னொரு ஸ்ட்ராவைப் போட்டு, உன் பாட்டுக்கு ஊத ஆரம்பித்தாய். நீ பாடுகிறவனே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஆறு வருடம், ஒரு கச்சேரி விடாமல் என்னோடு சேர்ந்து ஊதினாய்.

அந்த முதல் குமிழி நாளில், மூன்று மாத இடைவெளிக்குப் பின் மறுபடி மேடை ஏறியபோது, பழைய கட்டையிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நீ "சரி" என்றாய். டீக்கு எத்தனை கரண்டி சீனி என்பதற்கே கால் மணி நேரம் வாதாடுகிறவன், அன்றைக்கு ஒரே சொல்லில் சரி என்றாய். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பாடினேன். ஏறும் இடமெல்லாம் தொண்டை நோகாமல் ஏறியது. முடிந்ததும் இடது பக்கம் திரும்பி உன்னைப் பார்த்து, "பாத்தியாலே, ஒரிஜினல் கட்டை" என்றேன். "தண்ணியக் குடி" என்றாய். ஆறு வருடமாக ஒவ்வொரு பாட்டுக்கும் நான் அதையே சொன்னேன், நீயும் அதையே சொன்னாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மணப்பாட்டில் உன்னை அடக்கம் செய்தபோது என்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். முடியவில்லை. அழுகை அடைத்த தொண்டையில் பாட்டுக்கு வழி கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் கீபோர்டை உன் மனைவி, எனக்கு மதினி, என்னிடம் கொடுத்துவிட்டார். எட்டு மாதமும் அது மேசைமேல் துணி மூடிக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைக்காகப் பாடிப் பார்க்கலாம் என்று துணியை எடுத்தேன். அந்தச் சின்னத் திரை எப்போதும் உன் பக்கம்தான் இருக்கும். நான் அதைப் பார்த்ததே கிடையாது. நீ சேமித்து வைத்திருந்த பாட்டுகள் வரிசையாக வந்தன. ஆங்கில எழுத்தில் 'வாத்தி 1', 'வாத்தி 2' என்று பெயர் வைத்திருந்தாய். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கழித்தல் குறி. முதல் வரிசையில் கழித்தல் ஒன்று. கொஞ்சம் தள்ளிக் கழித்தல் இரண்டு. கடைசியாக நாம் சேர்த்த பாட்டுகளில் கழித்தல் மூன்று, அதாவது ஒன்றரைக் கட்டை கீழே. கணக்கு வாத்தியாரான எனக்கு அது புரிய வெகுநேரம் ஆனது.

ஒரே நாளில் இறக்காமல், இழை இழையாக இறக்கியிருக்கிறாய்.

நம்பாமல் அதைப் பூஜ்யத்துக்கு மாற்றிப் பாடிப் பார்த்தேன். சரணத்தில் கழுத்து நரம்பு விடைத்தது, தொண்டையில் அந்தப் பழைய வறட்சி தட்டியது. நிறுத்திவிட்டேன். பிறகு கீபோர்டைப் பார்த்து, "ஏமாத்துக்காரப் பயலே" என்று திட்டினேன். உண்மையாகவே கோபம் வந்தது. ஆறு வருடம் ஊர் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

மதினிக்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "வாத்திகிட்ட சொல்லிராத, வெக்கப்பட்டுப் பாடுறதையே விட்டுருவான்னு சொன்னாவ" என்றார். நீ சொன்னது சரிதான். அன்றைக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேன். விட்டிருந்தால் இந்த ஆறு வருடம் எனக்கு என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கிற வீடும் நானும்தான்.

இந்த மடலை இதுவரை எழுதியிருந்தபோது புது கீபோர்டுக்காரர் போன் செய்தார். நல்ல மாதிரி மனிதராகத் தெரிகிறது. பாட்டு வரிசையைக் கேட்டுக்கொண்டு, "எந்தக் கட்டை சார்? நீங்க ஒரிஜினல்லதான் பாடுவீங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க" என்றார். பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல. மூணு கீழ வைங்க" என்றேன். "நான் ரொம்ப வருசமா அதுலதான் பாடுதேன்."

அவர் சரி சார் என்று குறித்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஸ்ட்ராவைப் போட்டு ஊதுவேன். தனியாகத்தான், வெட்கப்படாமல் ஊதுவேன். மேடையில் கத்த மாட்டேன், செரும மாட்டேன். பாட்டு நல்லபடியாக முடியும். முடிந்ததும் இடது பக்கம் திரும்பி "பாத்தியாலே" என்று சொல்ல வாய் வரும். அப்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து, அதையும் சேர்த்து விழுங்கிக்கொள்வேன்.

உன்,
வாத்தி