தண்ணீர் கசிந்தால் கத்தும் பெட்டி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன், அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருப்பவள் காதில் விழும், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

தண்ணீர் கசிந்தால் கத்திக் குழாயையும் தானே மூடும் என்று நீ அனுப்பிய பெட்டியை மாட்டியாயிற்று. நம் தெருவில் எல்லோரும் ஷாக் என்று கூப்பிடுகிற எலக்ட்ரீஷியன்தான் வந்தார். மெயினை அணைத்துவிட்டு, மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பிளம்பர் பொருத்திவைத்திருந்த மோட்டார் வால்விலிருந்து ஒயரை இழுத்துப் பெட்டியில் முடுக்கினார். சென்சார் ஒன்றைச் சமையலறை சிங்குக்குக் கீழேயும் ஒன்றைக் குளியலறையிலும் வைத்தார், மிச்சமிருந்ததை, அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவருக்குள்ளும் குழாய் போகிறதே என்று அங்கே தரையில் ஒட்டினார். ஈரத்துணியை வைத்துப் பார்த்தால் பெட்டி கத்துகிறது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. திறக்கிற ஒயரும் மூடுகிற ஒயரும் இடம் மாறிவிட்டதாம். பேருக்கு ஏத்த வேலை பாத்துட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு மாற்றிப் போட்டார், குழாய் கப்சிப். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த சிங்கிலிருந்து கசிந்த தண்ணீரில்தானே அவள் வழுக்கி விழுந்தாள், இடுப்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று, வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிறோமே என்றிருந்தது.

போன வாரம் கொல்லையில் நான் அவளுடைய விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது பெட்டி அலறியது. விழுந்தடித்து ஓடிவந்தால் சமையலறை காய்ந்து கிடக்கிறது, குளியலறையும் அப்படியே. அவள் அறையில் தம்ளர் கவிழ்ந்து தண்ணீர் சுவரோரம் ஓடியிருந்தது. கை பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டு வால்வைத் திறந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. அடுத்த நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நல்ல கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தம்ளரைத் தள்ளினாள், தள்ளிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட அவளுக்கு வேறு வழியில்லை பாப்பா.

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வலிக்குதா, தாகமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, எல்லாவற்றுக்கும் சலித்துப்போய் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில், "பாப்பாவ வரச் சொல்லவா?" என்றேன். என் விரலைப் பிடித்தவள் விடவே இல்லை. உலை கொதிக்குது, அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன் என்று கெஞ்சியும் விடவில்லை, சாதம் அடிப்பிடித்துக் கரிந்தது, போகட்டும்.

டாக்டரைக் கேட்டேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, முதுகுப் புண்ணும் ஆறவில்லை, இனி மருந்துக்கு வேலையில்லை என்றார். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "பாக்கணும்னு நெனைக்கிறவங்க வந்து பாத்துடட்டும்" என்றார். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோதெல்லாம் மெதுவா வாம்மா என்பேனே, இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உடனே கிளம்பு. மாப்பிள்ளையால் முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். பயணத்தில் பட்டினி கிடக்காதே. இன்னொன்று, அவள் முன்னால் அழுதுகொண்டு வந்து நிற்காதே. வாசலிலேயே அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வா. நான் தினமும் அப்படித்தான் போகிறேன்.

உன் வரவுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அப்பா