எண்பத்தைந்துக்குத் தொண்ணூறு

1957 மார்ச் 4, திங்கள்

"பதினொண்ணு" என்றார்.

"மேல இருபது, கீழ அம்பத்தஞ்சு" என்றேன்.

இன்று இந்த வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான். பிறகு அவர் சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவினேன்.

பின்னொரு காலத்தில் இதைப் படித்தால் எனக்கே புரியாமல் போகலாம். எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஹட்டன் பட்டறையில் லேத் வேலை. தேயிலை அரைக்கும் ஸ்டோர்களிலிருந்து தேய்ந்த திருகுகளும் தண்டுகளும் வரும். அதே மாதிரி புதிதாகக் கடைந்து, சுற்றிச் சுற்றிப் போகும் மரை வெட்டிக் கொடுக்க வேண்டும். அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதைப் பார்த்து லேத்தில் பல்சக்கரங்களை மாற்றிப் போட வேண்டும். எதற்கு எந்தச் சக்கரம் என்று காட்டும் பித்தளைத் தகடு லேத்தோடு வருமாம். முதலாளி ஏலத்தில் எடுத்த கிழட்டு லேத்தில் அது இல்லை. வாத்தியார் மகள் கணக்குப் போடுவாள் என்று கல்யாணமான புதிதில் விளையாட்டாக என்னைக் கேட்டார். லேத்தின் நீளத் திருகில் அங்குலத்துக்கு நாலு மரை. வேண்டியது பதினொன்று. நாலையும் பதினொன்றையும் ஐந்தால் பெருக்கினால் இருபதும் ஐம்பத்தைந்தும். சின்ன வகுப்புப் பின்னக் கணக்கு. இதற்கா அப்போது அப்படிச் சிரித்துக்கொண்டோம்!

இப்போது இது ஒன்றுதான் மிச்சம்.

மார்ச் 8, வெள்ளி

இன்று எதுவும் கேட்கவில்லை. பட்டறையில் பழைய வேலையே ஓடுகிறது போலும்.

மார்ச் 17, ஞாயிறு

என் அண்ணன் சிவசாமி வந்திருந்தார். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஹட்டனுக்குச் சாமான் வாங்க வந்தால் இங்கே ஒரு எட்டு வருவார். மழை பெய்யாவிட்டாலும் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அது என்ன பழக்கமோ.

"எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்புக்கு ஆளு தேடுறாங்க. தொரைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ வந்துரும்மா. ரெண்டு பேரும் இப்புடி ஊமையாட்டம் எத்தன நாளைக்குத்தான் இருப்பீங்க?"

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? போன ஆடியில் எங்கள் மகள் ராசம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஐந்து வயது. பக்கத்து வீட்டு அழகனைப் பட்டறைக்கு அனுப்பினேன். அழகன் ஓடிப்போய் ஓடிவந்தான். "சொல்லிட்டேங்க்கா. வேல முடிஞ்சுதான் வருவாராம்" என்றான். ராசம்மா நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, அப்பா வந்தாச்சா என்று கேட்டாள். அவர் வந்தபோது நான் அவளைத் துணியால் மூடிவிட்டிருந்தேன்.

"வேல முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

அதன் பிறகு இந்த வீட்டில் சக்கரக் கணக்குதான். அவர் முன்னாடியே வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டாக்டரே கையை விரித்துவிட்டார். ஆனால் அந்த "ம்" எனக்கு ஜீரணமாகவில்லை. திட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வழக்கமான சமையல்தான். அழகன் மனைவி ஒரு கிண்ணத்தில் பாயாசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார்.

ஏப்ரல் 22, திங்கள்

அழகன் மனைவி தயங்கித் தயங்கி ராசம்மாவின் ஸ்வெட்டரைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வாசலில் ஓடுகிறது. கை நீளமாக இருந்தது. கூப்பிட்டு மடித்துவிட்டேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 21, செவ்வாய்

பத்தொன்பது கேட்டார். அதற்குத் தொண்ணூற்றைந்து பல் சக்கரம் இருந்தே ஆக வேண்டும். அது பல் உடைந்து கிடக்கிறதாம். பத்தொன்பது எதாலும் வகுபடாத எண். எப்படிப் புரட்டினாலும் மிச்சமிருக்கும் சக்கரங்களுக்குள் அடங்கவில்லை. இன்று முழுவதும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

"வழி இல்லீங்க" என்றேன்.

தலையாட்டினார். அடிப்பிடித்த குழம்பையும் பேசாமல் சாப்பிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை.

ஜூன் 13, வியாழன்

"ஒரு வட்டத்த ஏழாப் பிரிக்கணும்" என்றார். இது மரை அல்ல. வட்டமான ஒரு மூடியில் சம தூரத்தில் ஏழு துளை போட வேண்டுமாம். சக்கரத்தின் பல்லையே அளவாக வைத்துக்கொள்ளலாம். எழுபது பல் சக்கரத்தை மாட்டி, பத்துப் பல்லுக்கு ஒருமுறை நிறுத்தித் துளைக்கச் சொன்னேன். "சரி" என்றார். ஒரு வார்த்தை கூடுதல்.

ஜூன் 26, புதன்

இன்று ஒன்று நடந்தது. என்னவென்று விளங்கவில்லை.

"ஆறு மில்லிமீட்டர்" என்றார். மில்லிமீட்டர் புழங்கும் சீமையிலிருந்து வந்த, தேயிலை உலர்த்தும் ட்ரையரின் திருகு. மரைக்கு மரை ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. நம் லேத் அங்குலக் கணக்கு. இரண்டுக்கும் ஒத்தே வராது. நூற்றிருபத்தேழு பல் சக்கரம் இருந்தால் அச்சாக வரும். அதற்கு எங்கே போவது? எண்பத்தைந்துக்குத் தொண்ணூறு போட்டால் மயிரிழை குறையும். நட்டு ஏறிவிடும், பாதகமில்லை.

இந்த மரையில் ஒரு தொல்லை உண்டு. அங்குல மரை என்றால் ஒரு வெட்டு முடிந்ததும், கத்தியை நீளத் திருகோடு பூட்டும் லீவரைத் தூக்கிக் கத்தியைப் பின்னால் கொண்டுவந்து மறுபடி போடலாம். மில்லிமீட்டர் மரையில் லீவரைத் தூக்கினால் போச்சு. கத்தி பழைய தடத்தில் விழாது. கடைசி வெட்டு வரைக்கும் லீவரைத் தொடாமல், லேத்தையே முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அவருக்கோ யாராவது கூப்பிட்டால் கை தானாக லீவரைத் தூக்கிவிடும். வருஷக்கணக்கான பழக்கம். முன்பு ஒரு தண்டு அப்படித்தான் பாழானது. அதிலிருந்து இந்த மரை வரும்போதெல்லாம் ஒன்று சொல்லி அனுப்புவேன். இன்றைக்கும் சொல்ல வாயெடுத்தேன்.

"முடியுற வரைக்கும் யாரும்..."

"தெரியும்!" என்றார். கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மழையில் வெளியே போனார்.

நான் முதலாளி மாதிரி உத்தரவு போடுகிறேன் என்று நினைக்கிறாரோ? நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றைக்குத்தான் திதி.

விடியக் காலையில் எழும்பி வேலைக்குப் போய்விட்டார். இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டா என்ன? லேத்து அழுவுதா இவரக் காணோம்னு? ஒத்தப் பிள்ள. அப்பா வந்தாச்சான்னு கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு இன்னும் நான் இவர்கிட்ட சொல்லல. எப்புடிச் சொல்றது, எந்த நம்பரச் சொல்லிட்டு இதச் சொல்றது?

சாயங்காலம் வந்து, விளக்குக்கு முன்னால் வைத்திருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பதினாலு" என்றார்.

"இருபது, எழுவது" என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பட்டறைக்குப் புது லேத் வருகிறது. கொழும்பிலிருந்து லாரியில் ஏற்றியாயிற்றாம். அதில் சக்கரம் மாற்றுகிற வேலையே இல்லையாம். பெட்டிக்குள் எல்லாச் சக்கரமும் இருக்கும். தகட்டைப் பார்த்து ஒரு பிடியை நகர்த்தினால் வேண்டிய மரை வந்துவிடும்.

"இனிமே ஒன்னக் கேக்க வேண்டியதில்ல" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். வேலை குறைந்ததே என்று எனக்குச் சொல்லும் நல்ல சேதி மாதிரி. நான் சோற்றுப் பானையைக் கழுவப் போனேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அண்ணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு வந்து கூட்டிப் போவார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். "நல்லது" என்றார். நல்லதாம்.

செப்டம்பர் 28, சனி

பழைய லேத்தைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். இந்த வாரம் கணக்கு எதுவும் இல்லை. வீட்டில் கடிகாரச் சத்தம்தான்.

அக்டோபர் 2, புதன்

ஆயுத பூஜை. புது லேத்துக்கு முதல் பூஜை, எல்லார் வீட்டிலிருந்தும் வர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். கடைசியாக ஒருமுறை போய்விட்டு வருவோம் என்று போனேன். சந்தனம், குங்குமம், பொரி கடலை. புது லேத் பச்சை நிறம். நன்றாகத்தான் இருந்தது.

பழைய லேத் நின்ற இடத்தைக் கூட்டி அள்ளிய குப்பை ஒரு மூலையில் கிடந்தது. அதில் ஒரு தண்டு. பாதி வரைக்கும் மரை அழகாக வந்து, பிறகு குறுக்கே ஒரு கோடு கீறி, கத்தி முனை ஒடிந்து அதிலேயே குத்திக்கொண்டிருந்தது. லீவரைத் தூக்கிய தண்டு. பார்த்ததுமே தெரிந்தது.

பக்கத்தில் தம்பையா அண்ணன் பொரி தின்றுகொண்டிருந்தார். துளை போடும் மிஷினில் வேலை செய்கிறவர். இது எப்போது கெட்டது என்று சும்மாதான் கேட்டேன்.

"இதுவா? இது அன்னைக்கு உள்ளது தங்கச்சி. ஒங்க புள்ளைக்கு முடியாமப் போன அன்னைக்கு. விசயத்தச் சொன்ன ஒடனே ஒங்க ஊட்டுக்காரரு சோலமல லீவர ஒரே தூக்காத் தூக்கிப்புட்டு, மேலுக்குச் சட்டகூடப் போடாம ஓடுனாரு."

"வேல முடிஞ்சுதான் வருவேன்னு சொன்னாருன்னாங்களே?"

"அவருக்கு யாரு சொன்னா? அழகன் வந்து மொதலாளிகிட்டதான் சொன்னான். மொதலாளியும் பாவம், என்ன செய்வாரு? காலையிலயே சோலமல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிட்டாரு. யாரு வந்தாலும் இன்னைக்கு என்னைய நடுவுல கூப்புடாதீங்க, ஊட்டுக்காரி கண்டிச்சுச் சொல்லி அனுப்பியிருக்குன்னு. புள்ளைக்கு இவ்வளவு முத்திருச்சுன்னு மொதலாளிக்கும் தெரியல. அப்பறமா மனசு கேக்காமத்தான் நான் போயிச் சொன்னேன்."

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் பொரி வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.

ஊட்டுக்காரி கண்டிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கு.

ஆமாம். அன்றைக்கும் மில்லிமீட்டர் மரைதான். சொன்னேன். வாசலில் நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அன்று காலையில் அவளுக்கு லேசான சூடுதான்.

அக்டோபர் 3, வியாழன்

வேலை முடியவில்லை. முடிந்ததா என்று கேட்டேன், "ம்" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் என் பேச்சால்தான் யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால் "ம்". திதி அன்று "பதினாலு". பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றபோது "நல்லது".

நான் அவரை என்னவெல்லாம் நினைத்தேன்.

அக்டோபர் 5, சனி

நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. புடவைகளை மடித்து வைத்தேன். நாளைக்கு அண்ணன் வந்துவிடுவார்.

அக்டோபர் 6, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். மூவருக்கும் சோறு போட்டேன். அண்ணன் தோட்டத்துக் கதை பேசிக்கொண்டே சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு, என் பெட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோகக் குனிந்தார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். அண்ணன் இருக்கிறாரே என்று பார்க்கவில்லை.

"ஏங்க, அன்னைக்கு யாரும் கூப்புடக்கூடாதுன்னு நாந்தானே சொல்லி அனுப்பிச்சேன்?"

பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "நீ சொல்லல."

"சொன்னேங்க. வாசல்ல நின்னு..."

"அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லல. புள்ள சிணுங்கிக்கிட்டிருந்துச்சு, ஒனக்கு ஏது நேரம்? நானா பட்டறைல ஒரு பேச்சுக்குச் சொன்னது, ஊட்டுக்காரி சொன்னான்னு. ஒம்மேல போட்டுச் சொன்னா மரியாத இருக்கும்னு. நீ சொல்லல. தெரியுதா?"

இத்தனை வார்த்தையை ஒன்றாகப் பேசி அவருக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பொய் சொல்ல வராது, ஒருநாளும் வந்ததில்லை. மறுபடியும் மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"சரிங்க" என்றேன். "நான் சொல்லல."

அதைச் சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்து அழுதேன். குரல் விட்டு அழுதேன். அழகன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ராசம்மா அப்பா வந்தாச்சா என்று கேட்டதை அப்போது சொன்னேன். அண்ணன் என்ன ஏது என்று தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணி பஸ்ஸில் அண்ணன் மட்டும் போனார். பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்த அவர், வரும்போது ஈரல் வாங்கிவந்தார். மிளகு போட்டு வறுத்தேன்.